பித்னே என்றொரு சொல்

தம்பி,

நேற்று மாலை போனில் நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. செல்வியின் அப்பா மதுரையில் இருக்கிற தன் லேத் பட்டறையை விற்றுத்தான் உங்கள் இருவருக்கும் சென்னையில் ஃப்ளாட் வாங்குகிறார், அது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அது அவங்களா ஆசைப்பட்டுச் செய்யறதும்மா. அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடிச்சுட்டாங்க. இதுல நான் என்ன பண்றது?" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெளியே மழை பெய்கிறது, அதற்கு நான் என்ன செய்ய என்பதுபோலச் சொன்னாய். இதே பேச்சை, இதே இழுப்போடு, நீ பிறப்பதற்கு முன்பே நான் இரண்டு பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒருவன் ஜெர்மன்காரன். இன்னொருவர் உன் அப்பா. அதனால் என்னவெல்லாம் ஆயிற்று என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். ஜெர்மனில் எழுதினால் நீ ஸ்டுட்கார்ட் ரயிலில் நின்றுகொண்டே ஒரு பார்வை பார்த்துப் பையில் வைத்துவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டி, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். உட்கார்ந்து படி. உன் அப்பாவிடம் நான் கேட்காமல் இல்லை. அவர் முன்கூட்டியே போய் இருக்கிற விருதுநகருக்கு இரண்டு தடவை போன் போட்டேன். கல்யாண வேலையில் குறுக்கே வராதே என்று சொல்லிவிட்டார். செல்வியின் அப்பாவிடமும் பேசினேன். "ஒண்ணும் சிரமமில்லீங்கம்மா, பட்டறைய எப்படியும் ஒரு நாள் குடுக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். என் அப்பா அப்படித்தான் சிரிப்பார். இனி உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

நான் மியூனிக்குக்கு வந்தது அறுபத்தெட்டாம் வருஷம், நவம்பர் மாதம். உன் அப்பா அதற்கு முந்திய வருஷமே கார்ஹிங் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டார். ஊரின் வடக்கு ஓரத்தில், கார்ஹிங் பஸ் போகிற சாலையில், ஒரு விதவையின் வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார். அந்த அம்மாளை எல்லோரும் ஃப்ராவ் ஹூபர் என்பார்கள். அகன்ற முகம், கட்டையான விரல்கள், ஐம்பதைத் தொடாத வயது. கீழ்வீட்டில் அவரும் மகள் லீனாவும். லீனா நகரத்து நடுவில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். காலையில் உன் அப்பா பஸ் ஏறுவார், லீனா ட்ராம் ஏறுவாள். நானும் ஃப்ராவ் ஹூபரும் மிஞ்சுவோம். எனக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. அவர் பேசிய ஜெர்மனும் உடைந்த ஜெர்மன்தான் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. போலந்துப் பக்கத்து ஜெர்மன் குடும்பம், அதனால்தான் அப்படிப் பேசுகிறார் என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். லீனாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது அவர் ஒரு சொல் தருவார், நான் ஒரு சொல் தருவேன். அவர் பேசியதையெல்லாம் இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன், உனக்குச் சுலபமாக இருக்கும்.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் அவர் என் தாலிச் செயினைத் தொட்டுப் பார்த்து, உன் புருஷன் உன் அப்பாவுக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டார். எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கையால் காட்டினார்: அவனிடமிருந்து, உன் அப்பாவுக்கு. நான் கையைத் திருப்பிக் காட்டினேன்: அப்பாவிடமிருந்து, அவருக்கு. அவர் தலையை ஆட்டி, எனக்கு இன்னும் சொற்கள் சரியாக வரவில்லை என்று முடிவு செய்து, மறுபடி சொல்லித்தந்தார். மறுபடியும் நான் அப்படியே காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "உன்னை அழைச்சிட்டுப் போறதுக்கு உங்கப்பா காசு குடுத்தாரா? ஏன், உனக்கு என்ன குறை?" என்று கேட்டார். கேலியே இல்லை, தம்பி. ஏதாவது நோய் இருந்து குணமாகிவிட்டதா என்பதுபோல என் நெற்றியையும் கண்களையும் பார்த்தார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? என் அப்பாவுக்கு விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை இருந்தது. அதை விற்றுத்தான் என் கல்யாணம். உன் அப்பாவின் விமான டிக்கெட்டும் அதில்தான். அப்புறம் என் டிக்கெட்டும். பேசியதில் பாதி இன்னும் பாக்கி இருந்தது.

அன்றுதான் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். பித்னே. எங்கள் ஊரில் பித்னே கொடுக்காமல் பெண்ணை வாசல் தாண்டவிட மாட்டார்கள் என்றார். மாப்பிள்ளை வீட்டார் வந்து, நாலு பேர் பார்க்கப் பெண்ணின் தகப்பன் கையில் வைக்க வேண்டும். ஒரு கம்பளிக் கோட்டு, ரொட்டி, கொஞ்சம் பணம். உழைக்கிற கை ஒன்று இந்த வீட்டை விட்டுப் போகிறது, அதற்கு. கல்யாணத்தன்று மணப்பெண் சத்தம் போட்டு ஒப்பாரி வைப்பாளாம், என் பித்னேயைத் தின்றுவிட்டாயே அப்பா என்று. அவருடைய அக்கா அப்படி அழுததை அவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். அழுகை நிஜமா என்று கேட்டேன். பாதி முறைக்காக, பாதி நிஜம் என்றார். அது எந்த ஊர் வழக்கம், போலந்தா என்று கேட்டேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். நான் போலந்து இல்லை, ரஷ்யாவும் இல்லை, வோல்கா ஆற்றுக்கு மேற்கே எர்ஸ்யா என்று ஒரு ஜனம், அவர்களுக்குத் தனி மொழி, நான் அந்த ஜனம் என்றார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அவளுக்கும் பரிசம் போட்டுத்தான் கல்யாணம் நடந்தது. என் அப்பா வீட்டார்தான் தட்டில் சேலையும் பரிசப்பணமும் வைத்து, அம்மா வீட்டு வாசலில் நின்று பெண் கேட்டார்கள். அப்பா மூன்றாம் வகுப்புத் தாண்டாதவர். அடுத்த தலைமுறையில் பையன்கள் காலேஜுக்குப் போனார்கள், வெளிநாட்டுக்குப் போனார்கள், தட்டு திசை மாறிவிட்டது. வீடும் அதே வீடு, ஜனமும் அதே ஜனம். ஒரு தலைமுறைதான் நடுவில். பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த அதே மனிதர், தன் பெண்ணை அனுப்பக் கடையை விற்றார். இதை ஃப்ராவ் ஹூபரிடம் சொல்ல எனக்கு அப்போது மொழி இல்லை. உங்களுக்கு எவ்வளவு பித்னே கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல. சந்தையில நின்னுட்டிருந்தேன், ரயில்ல ஏத்திட்டாங்க. சும்மா எடுத்துட்டு வந்துட்டாங்க," என்றார்.

மீதியை அவர் பல நாளில், சொல்லாலும் கையாலும், துண்டு துண்டாகச் சொன்னார். ஊரை விட்டு உக்ரைனில் ஒரு ஆலை வேலைக்குப் போனவரை, யுத்தத்தில் ஜெர்மானியர்கள் பிடித்து, அடிமை வேலைக்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். யுத்தம் முடிந்ததும் அவரைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போனவர்களை அங்கே துரோகி என்று தண்டித்தார்கள் என்று கேள்விப்பட்டு, போலந்து என்று பொய் சொல்லி ஒளிந்துகொண்டார். ஹூபர் என்கிற தச்சர் இவரைக் கல்யாணம் செய்துகொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் பித்னே வாங்கிக்கொள்ள இவருக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், தெரிந்தால் இன்றைக்கும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்தில் மகளிடம் தன் மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. லீனாவிடம் சொல்லாதே என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார். சரி என்றேன்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் லீனாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பையன் பெயர் டீட்டர். அவன் அப்பாவுக்கு ஊருக்கு வெளியே மேஜை நாற்காலி செய்கிற தொழிற்சாலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனும் அவன் அப்பா அம்மாவும் காபி குடிக்க வந்தார்கள். தட்டுகளை எடுத்துக்கொடுக்க என்னையும் கீழே கூப்பிட்டிருந்தார்கள். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. மண்டபம், மாதம், எல்லாம் பேசினார்கள். அப்போது ஃப்ராவ் ஹூபர் எழுந்து நின்று, இனி விலையைப் பேசலாம் என்றார். தன் சொல்லுக்கு அவரிடம் இருந்த ஒரே ஜெர்மன் வார்த்தை அதுதான்: விலை. டீட்டரின் அப்பா ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. என் பெண்ணுக்கு நீங்கள் ஏதாவது கொடுக்க வேண்டும், சும்மா கொண்டுபோகக் கூடாது என்று திரும்பவும் சொன்னார். டீட்டரின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். லீனா முகமெல்லாம் சிவந்து, "என்னை விக்கறியாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் சந்தையிலிருந்தும் ரயிலிலிருந்தும் தொடங்க வேண்டும். லீனா அவர்களோடேயே கிளம்பிப் போய், கடைத் தோழி ஒருத்தியின் அறையில் தங்கிவிட்டாள்.

பத்து நாள் போலப் பொறுத்தேன். ஃப்ராவ் ஹூபர் சமைப்பதை நிறுத்திவிட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், எங்கும் போகமாட்டார். யாராவது வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதுபோல இருக்கும். என்னால் பார்க்க முடியவில்லை. உன்னைச் சுமந்துகொண்டு, முதன்முதலாகத் தனியாக ட்ராம் ஏறினேன். சுரங்க ரயிலுக்காக நகரம் முழுவதும் தோண்டிப் போட்டிருந்தார்கள். பலகைகள் மேல் நடந்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். லீனா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என்னிடம் இருந்த கையளவு வார்த்தைகளில் சொன்னேன். அம்மா விற்கவில்லை. அம்மாவை விலை இல்லாமல் எடுத்தார்கள். ரயில். யுத்தம். நீ டாயர், அதனால் கேட்டாள். அந்த டாயர் எனக்குக் காய்கறிக் கடையில் கிடைத்த சொல். தக்காளி விலை கூடுதல் என்றால் உன் அப்பா அதைத்தான் சொல்வார். அருமையான ஒருத்தியையும் ஜெர்மனில் அதே சொல்லால்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. லீனா செருப்புப் போட்டுப் பார்க்கிற முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எந்த ரயில் என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அன்று மாலையே வீட்டுக்கு வந்தாள். கீழே வெகுநேரம் பேச்சுச் சத்தம், பிறகு அழுகை, பிறகு ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டாயே என்று ஃப்ராவ் ஹூபர் என்னோடு சில நாள் பேசவில்லை. ஆனால் அடுப்பை ஏற்றினார், இரண்டு பேருக்குச் சமைத்தார். நான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். லீனா டீட்டரிடம் சொல்லியிருக்கிறாள், அவன் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். ஒரு நாள் காலையில் அந்தப் பெரியவர் தனியாக வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யுத்த காலத்தில் எங்கள் தொழிற்சாலையிலும் அந்த மாதிரிப் பெண்கள் இருந்தார்கள் என்றார். பலகை தேய்க்கிற வேலை. அது தன் அப்பா காலம் என்றார். ஒரு கவரை மேஜைமேல் வைத்து, உங்கள் பெண்ணுக்காக, அந்தக் காலத்துக்கும் சேர்த்து என்றார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். ஃப்ராவ் ஹூபர் அதைத் தொடவில்லை.

"அந்தப் பெண்கள் யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்க கூலிய அவங்களத் தேடிப்போய்க் குடுங்க. என் பொண்ணுக்கு என்ன குடுக்கறீங்க, அதை மட்டும் சொல்லுங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டுக் குடுத்தா அது பித்னே இல்ல," என்றார்.

அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு வந்தவர்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதை வாங்க மறுத்ததும் முகம் மாறிவிட்டது. கவரை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே கல்யாணம் இல்லை என்று ஆகிவிட்டது. டீட்டர் ஒரு தடவை வந்தான். உள்ளே வராமல் தோட்டக் கதவுக்கு வெளியே நின்றான். லீனா இந்தப் பக்கம் நின்றாள். "அப்பா முடிவு பண்ணிட்டார். கம்பெனி அவரோடது. இதுல நான் என்ன பண்றது?" என்றான். நல்ல பையன், தம்பி. அவளுக்காகப் பூ வாங்கி வருவான். என் பெயரைச் சரியாகச் சொல்ல முயற்சி செய்வான். அவன் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வெறுங்கையோடு அந்த அம்மாள் முன்னால் நின்றிருந்தால்கூடப் போதும். அவர் கேட்டது ஆளை. யாராவது ஒருவர் தன் மகளைப் பெறுமானமாக நினைத்துக் கேட்டு வர வேண்டும் என்பதைத்தான். கிறிஸ்துமஸுக்கு முன்பே லீனா ஹாம்பர்க்குக்கு வேலை தேடிப் போய்விட்டாள்.

அவள் பெட்டியோடு போன அன்று, ஃப்ராவ் ஹூபர் மாடிக்கு ஏறி வந்தார். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் உட்காரவில்லை. இவளுடைய அப்பாவுக்கு நீ என்ன கொடுத்தாய் என்று நேராகக் கேட்டார். உன் அப்பா நல்ல ஜெர்மனில் பொறுமையாக விளக்கினார்: எங்கள் நாட்டில் வழக்கம் வேறு, இதெல்லாம் பெரியவர்கள் பேசியது, இதில் நான் என்ன செய்ய முடியும் என்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "இந்த வீட்டுல பித்னே குடுத்துப் பொண்ண வாங்கினவன் யாரும் இல்ல, சும்மா எடுத்தவங்கதான்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். உன் அப்பா அன்று சாப்பாட்டை முடிக்கவில்லை. அவருக்கு உறைத்தது. அதை நான் மறுக்க மாட்டேன். அடுத்த நாளே என் அப்பாவுக்கு ஒரு ஏரோகிராம் எழுதினார். மேற்கொண்டு எதுவும் அனுப்ப வேண்டாம். அவ்வளவுதான் அதில் இருந்தது. தன் வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்து வேறு ஒரு விளக்கமும் எழுதவில்லை. எனக்குக் காட்டியபோது நான் சந்தோஷத்தில் அழுதேன். அதில் ஒரு வரி சேர்த்து எழுத எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் நீ பிறந்தாய். ஃப்ராவ் ஹூபர்தான் உன்னைக் குளிப்பாட்டினார். பெரிய சமையல் பாத்திரத்தில் வெந்நீர் விளாவி, உன்னைக் கையில் ஏந்தி, பித்னேய், பித்னேய் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாவம், அந்த விலைப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை என்று நினைத்தேன். கோடையில் உன் அப்பாவோடு வேலை செய்த கணேசன் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பினார். அவர் சாத்தூர்க்காரர். நான் கேட்டுக்கொண்டதால் விருதுநகர் போய் என் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். வத்தல் பாக்கெட்டையும் அப்பளத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். அப்புறம்தான் சொன்னார். என் அப்பா வீட்டை விற்றுவிட்டார். வேறொருவர் கமிஷன் கடையில் மூட்டைக் கணக்கு எழுதுகிறார். ஒரு ஒற்றை அறையில் அம்மாவும் அவரும் இருக்கிறார்கள்.

எதற்கு விற்றார் தெரியுமா? அந்த ஏரோகிராமைப் படித்து அவர் நடுங்கிப்போயிருக்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம், எதுவுமே வேண்டாம் என்கிறார், அப்படியென்றால் பெண்ணையும் வேண்டாம் என்றுதானே அர்த்தம், பிள்ளைத்தாய்ச்சியைத் திருப்பி அனுப்பிவிடப் போகிறார். அப்படித்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது. வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு, பாக்கி முழுவதையும் உன் அப்பா வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். அவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கணேசனிடம் என் அப்பா கேட்ட ஒரே கேள்வி, மாப்பிள்ளைக்கு இப்போது மனம் ஆறிவிட்டதா என்பதுதான். அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். உனக்கு இரண்டு வயது முடிவதற்குள் அவர் போய்விட்டார். செய்தி வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. நான் ஏன் உன் அப்பாவை விட்டுப் போகவில்லை என்று நீ கேட்கலாம். எங்கே போவேன்? போவதற்கு ஒரு வீடு இருந்தது. அதைத்தான் அப்பா விற்றுவிட்டாரே.

ஃப்ராவ் ஹூபர் அதற்குப் பின் நாலைந்து வருஷம் இருந்தார். கடைசியில் லீனா வந்திருந்தாள், கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்தாள். அடக்கம் முடிந்து சில நாளில் அவள் இங்கே பல்கலைக்கழகத்தில் அந்த வகை மொழிகளை ஆராய்கிற ஒருவரைத் தேடிப் போய், தன் அம்மாவின் சொல்லைக் கேட்டுவிட்டு வந்தாள். என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். பித்னே என்றால் விலை. பெறுமானம் என்றும் பொருள். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதும் பித்னே. கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்து பித்னேய் என்று வந்தால் விலை உயர்ந்தது. ஒருவரை அன்பாகக் கூப்பிடுவதற்கும் அதுதான், அருமையானவனே என்பதுபோல. பக்கத்து ஜனத்தின் மொழியிலும் அந்தச் சொல் உண்டாம். ஆனால் அதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது, விலை முதலில் வந்ததா, அருமை முதலில் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லையாம். நம் பரிசமும் அப்படித்தான். பரிசு என்பதிலிருந்து வந்தது என்பார்கள், தொடுவதைக் குறிக்கிற வடசொல் என்பார்கள். எது முதல் என்று யாருக்கும் தெரியாது.

ஃப்ராவ் ஹூபர் உன்னைக் குளிப்பாட்டும்போது சொன்னது இதைத்தான் என்று லீனாவிடம் சொன்னேன். "என்னை ஒரு தடவையாவது அப்படிக் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, தம்பி. பயத்தில் அந்த மொழியையே மகளிடம் எடுக்காத தாய், எப்படிக் கூப்பிட்டிருப்பார்? அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய சொல் உனக்குக் கிடைத்தது. நான் லீனாவிடம் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

இப்போது செல்விக்கு வருகிறேன். அவளை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். கெட்டிக்காரப் பெண். அவள் அப்பா உனக்குக் கொடுக்கிறார் என்றால், எவ்வளவு ஆசையோடு கொடுத்தாலும், அவளுக்கு ஏதோ குறை என்று அவர் ஒப்புக்கொண்டு கொடுக்கிறார். நீ வாங்கிக்கொண்டால் நீயும் ஒப்புக்கொள்கிறாய். உன்னைக் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. டீட்டரும் கெட்டவன் இல்லை, உன் அப்பாவும் கெட்டவர் இல்லை. யாரும் கெட்டவர்களாக இல்லாமலே ஒரு பெண் ஹாம்பர்க்குக்குப் போனாள், ஒரு மனிதர் ஒற்றை அறையில் செத்தார். எனக்கு வயதாகிறது, இதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் திராணி இல்லை. நீ அந்த ஃப்ளாட்டில் பாய் விரித்து எனக்கு இடம் போட்டால் நான் செல்வி அப்பாவின் பட்டறைமேல்தான் படுத்திருப்பேன். உன்னைப் பெற்றவள் உன்னிடம் பிச்சை கேட்கிறாள் என்று வைத்துக்கொள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அப்பாவை விட்டோ பெரியப்பாவை விட்டோ சொல்லச் சொல்லாதே. எழுதிப் போடவும் வேண்டாம். மதுரைக்கு நீயே போ, லீவு கிடைக்காவிட்டால் போனிலாவது பேசு. பட்டறையை விற்க வேண்டாம், உங்கள் பெண்தான் எனக்கு வேண்டும் என்று உன் வாயால் சொல். அவர் நம்ப மாட்டார். உனக்கு ஏதோ மனக்குறை, கல்யாணத்தையே நிறுத்தப் போகிறாய் என்று பயப்படுவார். பயந்துபோய், இன்னும் ஏதாவது சேர்த்துச் செய்கிறேன் மாப்பிள்ளை என்பார். கண்டிப்பாகச் சொல்வார், எனக்குத் தெரியும். எல்லோரும் வாயடைத்துப் போவது அந்த இடத்தில்தான். நீ அங்கே பேசு, தம்பி. அவருக்குப் புரிகிறவரைக்கும் பேசு.

அம்மா